பொடி எழுத்து

…எண் ஒன்றுதான், ஆறாயிரத்து இருநூற்றிரண்டு, இந்தப் பேரிங்கிலும் அதே எண், குறுக்களவும் ஒன்று, உள்ளங்கையில் வைத்துப் பார்த்தால் எடைகூட ஒன்றுபோலத்தான் இருக்கிறது, எண்ணுக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் ‘சி மூன்று’ என்று போட்டிருக்கிறதா இல்லையா, அவ்வளவுதான் வித்தியாசம், போட்டிருந்தால் உள்ளே குண்டுகளுக்கு ஒரு மயிரிழை இடம் கூடுதல், மரம் அறுக்கிற மெஷின் சுற்றுகிற வேகத்துக்கும் சூட்டுக்கும் இரும்பு ஊதிப்போகும், அந்த மயிரிழை இல்லாவிட்டால் பேரிங் இறுகி கிராங்க் தண்டைப் பிடித்துக்கொள்ளும்… இது எனக்கு நேற்றுத் தெரிந்த விஷயமா? போன வருஷமும் தெரியும். தெரிந்துதான் போட்டேன். சரக்கு வரவில்லை, மழை, மரம் வெட்டுகிற சந்தனம் அவசரப்பட்டான், ஒரு நாள் ஓடாதா என்று நினைத்தேன். இதோ பிளந்து வைத்திருக்கிறேன், இரண்டு பக்கமும் நான் போட்ட அதே சாதாரண பேரிங், குண்டுகள் நீலம் பாய்ந்து கருகிக் கிடக்கின்றன, பதினான்கு மாதம் அவன் கட்டிலுக்கு அடியில் சாக்குக்குள் கிடந்த மெஷின், இன்றைக்குத்தான் என் மேசைக்கு வந்து வாயைத் திறக்கிறது.

சந்தனம் வாசலில் தகரக் கூரைக்குக் கீழே நிற்கிறான், உட்காரச் சொன்னால் உட்கார மாட்டேன் என்கிறான், உட்கார்ந்தால் அந்தக் கால் எழும்ப நேரமாகும். “சுடலைண்ணே, கயிறு இழுக்கவே வரல, உள்ள துரு ஏறியிருக்குமோ?” என்று கேட்டான். துருதான் என்று தலையாட்டினேன், ஏன் ஆட்டினேன், வாய் திறப்பதற்குள் தலை பொய் சொல்லிவிட்டது… போடிமெட்டுக்குக் கீழே ஏலத்தோட்டத்து ஆட்கள் குடியிருக்கிற லயத்தின் மேல் ஒரு சில்வர் ஓக் மரம் சாய்ந்து நிற்கிறதாம், இன்று சாயங்காலத்துக்குள் அறுக்கவில்லையென்றால் சூப்பர்வைசர் வேறு ஆளைக் கூப்பிட்டுவிடுவார், கால் ஒடிந்த பிறகு அவனுக்குக் கிடைத்திருக்கிற முதல் வேலை. சாதாரண பேரிங் அலமாரியில் பெட்டி நிறைய இருக்கிறது, சி மூன்று ஒன்றே ஒன்று, வேண்டியதோ இரண்டு. ஒரு பக்கம் நல்லது, மறுபக்கம் இது… ஒரே ஒரு மரம்தானே, ஒரு மணி நேர வேலை, தாங்காதா? போன தடவையும் இதைத்தானே கேட்டுக்கொண்டேன்? கீழே லயத்தில் ஆட்கள் இருப்பார்களே, அடுப்பு எரியுமே, மரம் பாதி அறுபட்டு நிற்கும்போது மெஷின் நின்றுபோனால்…

அன்றைக்கும் பாதியில்தான் நின்றது. மெஷின் மரத்துக்குள் மாட்டிக்கொண்டது, இவன் குனிந்து உருவப் பார்த்திருக்கிறான், மரம் அடியிலிருந்து பிளந்து பின்னால் எகிறித் தொடையை நொறுக்கிவிட்டது. தேனி ஆஸ்பத்திரிக்கு ஆரஞ்சுப்பழம் வாங்கிக்கொண்டு போனேன், கட்டில் பக்கத்தில் அவன் மனைவி சிவசங்கரி, “காத்து சுழட்டிருச்சுண்ணே” என்றாள், ஆமாம், காற்றுதான் என்றேன். எவ்வளவு லேசாக வந்தது அந்த வார்த்தை. அப்போது சொல்லியிருக்கலாம், வீட்டுக்கு வந்த பிறகு சொல்லியிருக்கலாம், ஊன்றுகோலோடு முதல் தடவை கடைத்தெருவுக்கு வந்தானே, அன்றைக்குக்கூட… இப்போது சொன்னால் இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்பான், அதற்கு என்னிடம் என்ன இருக்கிறது? கையில் எடுத்துவிட்டேன், பொடி எழுத்து இல்லாததை, எண்ணெய்கூடத் தடவிவிட்டேன், விரல்கள் பழக்கத்தில் வேலை செய்துகொண்டே போகின்றன, கூட்டுக்குள் வைத்துத் தட்ட வேண்டியதுதான் பாக்கி.

“மணி மூணாச்சுண்ணே.”

“சந்தனம், இன்னைக்கு ஆவாது.”

“என்னண்ணே இப்பிடிச் சொல்லுதீக? துருதான்னீக.”

“துரு இல்ல. பேரிங்கு. நாந்தான் போட்டேன், போன வருசம். இதுக்கு ஒத்துவராததைப் போட்டேன். அதுதான் இறுகி மெஷினு நின்னுருக்கு. காத்தும் இல்ல, ஒண்ணும் இல்ல.”

சொல்லி முடித்துவிட்டேன், ஆறே வாக்கியம், பதினான்கு மாதமாக இதையா சுமந்தேன், அவன் அடிப்பான் என்று நினைத்தேன், அடித்தால் வாங்கிக்கொள்ளலாம் என்றுகூட இருந்தது, சட்டையைப் பிடித்தால்கூடப் போதும்… அவன் மெதுவாக உள்ளே வந்தான், கருகிய பேரிங்கை எடுத்துச் சுழற்றிப் பார்த்தான், சுழலவில்லை, மேசையில் வைத்தான்.

“அப்ப நான் கோணலா அறுக்கலையாண்ணே?”

என்ன கேட்கிறான்? எனக்குப் பிடிபடச் சற்று நேரமாயிற்று. கோணலாக அறுத்ததால் மரம் கவ்விக்கொண்டது, கவ்வியதால் மெஷின் நின்றது, அப்படித்தான் இத்தனை நாளும் நினைத்திருக்கிறான்… காற்று என்பது ஊருக்கு அவன் சொன்ன பேச்சு. “இல்ல சந்தனம், நீ சரியாத்தான் அறுத்த” என்றேன். “விறகு பிளக்கக்கூட அவ கோடாலி தர மாட்டாண்ணே, நானும் கேக்கல” என்றான், எனக்குச் சொன்னதுபோல இல்லை. பிறகு மெஷினை என் மேசையிலேயே விட்டுவிட்டு மழைக்குள் இறங்கி நடந்தான், சூப்பர்வைசரிடம் சொல்லப் போகிறானா, வீட்டுக்கா, நாளைக்குச் சரியான பேரிங் வந்த பிறகு இந்தக் கடைக்கே வருவானா, முகத்தில் இருந்தது கோபமா ஆறுதலா, தெரியவில்லை… என் தப்பை நான் மறைத்து வைத்திருந்தேன் என்றுதான் நினைத்திருந்தேன், மறைத்து வைக்கவில்லை, அவனிடம் கொடுத்திருக்கிறேன், பதினான்கு மாதமும் அதை அவன் தன்னுடையது என்றே வைத்திருந்திருக்கிறான்.