ஒஹாயோக்காரனின் குழி

மண் தோண்டும் இயந்திரத்தை ஏற்றிய லாரி மேட்டில் முக்கி முக்கி ஏறியது. அதற்கு வழி காட்டியபடி முன்னால் தன் பழைய காரை ஓட்டிப் போனாள் வெர்லீன். மணி ஏழுகூட ஆகவில்லை, அதற்குள் ஆகஸ்ட் வெயில் கொளுத்தியது. பதினோரு மணிக்கு அவள் புருஷன் ஆர்வினை அடக்கம் செய்தாக வேண்டும்.

அந்த அலபாமா மேட்டுப் பக்கத்தில் இறந்தவருக்குக் குழி வெட்டுவது அக்கம்பக்கத்து ஆண்கள்தான். கூலிக்கு ஆள் வைத்தால் அவமானம். வீட்டார் மண்வெட்டியைத் தொடக் கூடாது. யாரையும் போய்க் கேட்கவும் கூடாது, அவர்களாக வரவேண்டும்.

ஆர்வின் வடக்கே ஒஹாயோ மாநிலத்தில் பிறந்தவன். இருபத்தெட்டு வருஷம் இங்கே பருத்தி விதைத்தும் 'ஒஹாயோக்காரன்' என்ற பேர் போகவில்லை. வந்த புதிதில், இங்கே யாரும் இனிப்பே சேர்க்காத சோள ரொட்டிக்குச் சர்க்கரை கேட்டானாம், அதை இன்னும் சொல்லிச் சிரிக்கிறார்கள். செவ்வாய்க்கிழமை வயலிலேயே சரிந்து விழுந்தான். அன்றிலிருந்து வறுத்த கோழியும் கேக்குமாக வீட்டில் வந்து குவிகிறது. குழியைப் பற்றி மட்டும் ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. செத்த பிறகும் என் மனுஷன் அந்நியன்தானா என்று வெர்லீனுக்கு வயிறு எரிந்தது. என்னவோ போங்கள் என்று டவுனுக்குப் போன் செய்து மெஷினுக்குச் சொல்லிவிட்டாள்.

சர்ச்சுக்குப் பின்புறம் திரும்பியதும் அவள் கால் தானாக பிரேக்கை மிதித்தது.

கல்லறைகளுக்கு நடுவே ஐந்து பேர், உடம்பெல்லாம் செம்மண். குழிக்குள் இடுப்பளவு ஆழத்தில் நின்றவர் பக்கத்துத் தோட்டக்கார ஹாய்ட். வேலி யார் நிலத்தில் நிற்கிறது என்று ஆர்வினோடு இத்தனை வருஷமும் மல்லுக்கு நின்றவர்.

"என்ன தங்கச்சி, மெஷினக் கூட்டியாந்திருக்க? எங்க கையெல்லாம் என்ன ஊருக்கா போயிருக்கு?"

"யாருமே ஒண்ணும் சொல்லலையே, ஹாய்ட் அண்ணே..."

"இதையெல்லாம் தண்டோரா போட்டா செய்வாங்க? உங்கப்பா குழிய மட்டும் சொல்லிட்டா வெட்டினோம்?"

"அவரு இந்த ஊருக்காரரு. இவரு..."

"இவன் யாராம்? வேலிக்கு அந்தப் பக்கம் நின்னு தெனம் என் உயிர வாங்கினவன். நான் வெட்டாம வேற எவன் வெட்டுவான்?"

இவர்களையா இரண்டு நாளாக மனசுக்குள் திட்டிக்கொண்டிருந்தோம் என்று வெட்கமாக இருந்தது அவளுக்கு. அழுகை பொங்கிக்கொண்டு வந்தது. "நீங்கல்லாம் நல்லா இருக்கணும்ணே," என்றாள். லாரிக்காரன் தொப்பியைக் கழற்றிவிட்டு, சத்தம் போடாமல் வண்டியைப் பின்னுக்கு எடுத்தான்.

ஹாய்ட் குழியின் நீளத்தை அடி போட்டு அளந்தார்.

"அடடா! பழக்க தோஷத்துல நம்ம ஊரு அளவுக்கு வெட்டிட்டோம்டா. ஒட்டடைக்குச்சி மாதிரி ஆளு, கால மடக்கிட்டா படுப்பான்? இன்னும் அரையடி வேணும்."

தலைமாட்டில் வெர்லீனின் அப்பா கல்லறை. நீட்டுவதென்றால் கால்மாட்டில்தான். அங்கே ஒரு முளைக்குச்சி அடித்திருந்தது.

"அண்ணே, அது நீங்க உங்களுக்குன்னு குறிச்சு வச்ச எடமாச்சே?"

"எடுத்துக்கட்டும். நான் குள்ளந்தானே."

ஹாய்ட் கையை நீட்டி, அந்தக் குச்சியைப் பிடுங்கி அப்பால் போட்டுவிட்டு மறுபடி மண்வெட்டியை எடுத்தார்.