தையல்காரி வாங்கிய சிற்றலை ரேடியோ

தையல்காரி அந்த ரேடியோவைக் கடைக்காரரின் மேசைமேல் பொத்தென்று வைத்தாள். வாங்கி ஒரு நாள்தான் ஆகிறது. அதற்குள் அதைப் பார்த்தாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"டார்ச் எரியுது, பாட்டுப் பாடுது. நான் கேட்ட ஸ்டேஷன் மட்டும் வரல."

"எட்டு அலைவரிசை பேண்ட் இருக்கேக்கா."

"எட்டு இருந்து என்ன பிரயோஜனம்? எனக்கு வேண்டிய நம்பர் ரெண்டு பேண்டுக்கு நடுவுல இருக்கு. அங்கதான் முள்ளே போக மாட்டேங்குது."

புதிதாகச் சிற்றலை கேட்க வருகிறவர்கள் தலையில் மிளகாய் அரைக்கும் வித்தையே இதுதான். பெட்டிமேல் உலகமே வரும் என்று அச்சடித்திருப்பார்கள். வீட்டுக்குப் போய்த் திருகினால் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் வரும். கடைக்காரர் அசடு வழியச் சிரித்தார்.

அவளுக்கு உலகமெல்லாம் வேண்டாம். ஒரே ஒரு குரல் போதும், தங்கையின் குரல். தையல் கடையை இருவரும் சேர்ந்து நடத்தலாம் என்று இவள் இரண்டாவது மெஷினை வாங்கிப் போட்ட வேளையில், "எனக்கு ஊசியும் நூலும் சரிப்படாதுக்கா" என்று சொல்லிவிட்டு, தூரதேசத்து வானொலி ஒன்றில் தமிழ் நிகழ்ச்சி நடத்தப் போய்விட்டாள் அந்த மகராசி. அன்றைக்கு நின்ற பேச்சு நின்றதுதான். யார் முதலில் வாயைத் திறப்பது என்பதில் இரண்டு பேரும் ஒரே குட்டையில் ஊறிய மட்டைகள்.

முந்தாநாள் சட்டை தைக்கக் கொடுக்க வந்த ஒருவர் வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல், "உங்க தங்கச்சி நிகழ்ச்சி இந்த வெள்ளிக்கிழமையோட நிக்கப் போகுதாமே" என்று சொல்லித் தொலைத்தார். "நின்னா எனக்கென்ன?" என்றாள் இவள். அவர் போனதும் துணியைக் கோணலாக வெட்டினாள். அந்த நிகழ்ச்சி சிற்றலையில் மட்டும்தான் வரும். ரேடியோவில் ஒரு சௌகரியம், யார் கேட்கிறார்கள் என்பது பேசுகிறவளுக்குத் தெரியாது. வீறாப்பை விடாமலே அவள் குரலைக் கடைசியாக ஒரு தடவை கேட்டுவிடலாம்.

கடைக்காரர் உள்ளேயிருந்து இன்னும் இரண்டைக் கொண்டுவந்தார். ஒன்றின் விலையைக் கேட்டதும் அவள் அதைத் தொடக்கூட இல்லை. மற்றது சின்னதாக, கறுப்பாக, பொத்தான்களோடு இருந்தது.

"நம்பரை அமுக்கினா நேரா அங்க போய் நிக்கும். நடுவுல எதையும் விடாது. புதுசா கேக்கறவங்களுக்கு இதுதான்க்கா லாயக்கு."

"இதை நேத்தே சொல்லியிருந்தா வாய்லேருந்து முத்து உதிர்ந்திருக்குமா?"

"நேத்து நீங்க டார்ச் இருக்கான்னுதானே கேட்டீங்க."

விலை கையைக் கடிக்கவில்லை. பழையதைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கறுப்பை வாங்கிக்கொண்டாள்.

தையல் கடைக்குப் பின்னாலிருந்த அறைதான் வீடு. வியாழக்கிழமை சாயங்காலம் போட்டுப் பார்த்தால் ஒரே இரைச்சல். லிஃப்ட் மெக்கானிக்கான அவள் கணவன், கரண்டால் வரும் இரைச்சல் குறையட்டும் என்று மெஷினையும் விளக்கையும் அணைத்தான். ஒரு மெல்லிய நீள ஒயரை ஏரியலில் சுற்றி ஜன்னல் வழியாக வெளியே தொங்கவிட்டான். வேறு யாரோ செய்தி வாசித்தது கணீரென்று கேட்டது.

"நாளைக்கு இதைத் தொடாதே."

"நான் ஏன் தொடறேன்?"

மறுநாள் மத்தியானம் ஒரு கால்சட்டையை முடித்து நிமிர்ந்தவளின் கண்ணில் ஜன்னலோரம் தொங்கிய அந்த இழை பட்டது. தொங்குகிற நூலை வெட்டாமல் எதையும் கொடுத்துப் பழக்கமில்லாத கை. கத்தரிக்கோல் தானாகப் போய் நறுக்கியது. வெட்டியது அவளுக்கே தெரியாது, அடுத்த கால்சட்டையை எடுத்துவிட்டாள்.

நிகழ்ச்சி தொடங்கும் நேரத்துக்கு வந்து சேர்ந்த கணவன் ஜன்னலைப் பார்த்துத் தலையில் கை வைத்தான்.

"ஒயர் எங்கம்மா?"

சாண் நீளம்தான் மிச்சம் இருந்தது. கீழே விழுந்ததைக் குப்பை வண்டி அள்ளிக்கொண்டு போயிருந்தது. தன் கையைத் தானே அடித்துக்கொள்ளலாம் போல வந்தது அவளுக்கு.

ரேடியோ கரகரத்தது. அதற்குள்ளிருந்து, "வணக்கம் நேயர்களே" என்றது அந்தக் குரல். அதே குரல். காதைப் பெட்டியோடு ஒட்டிக்கொண்டாள். ஒரு சொல் வந்தால் நாலு சொல்லை இரைச்சல் விழுங்கியது. கணவன் மிச்ச ஒயரைப் பிடித்துக்கொண்டு நாற்காலிமேல் ஏறி நின்றான். பயனில்லை.

"கடைசி நாள்ல ஒண்ணு சொல்லணும்... என் அக்கா..."

கொர்ரென்ற சத்தம்.

"அக்கா? அக்காவுக்கு என்ன?" என்று பெட்டியைக் குலுக்கினாள். அது இன்னும் பலமாக இரைந்தது.

கணவனின் சட்டைப்பையிலிருந்து போனைப் பிடுங்கினாள். அதில் தங்கையின் எண் இருப்பது அவளுக்கு எப்போதும் தெரியும். இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டாள் தங்கை.

"என்னடி சொன்ன என்னைப் பத்தி? ஒரு எழவும் புரியல."

ரேடியோவிலும் அவள் இன்னும் பேசிக்கொண்டே இருந்தாள்.

"அக்கா? அது காலையில பதிவு பண்ணது... நீ கேட்டுக்கிட்டு இருக்கியா?" குரல் உடைந்தது.

தையல்காரி ரேடியோவை அணைத்தாள்.

"அழறதை அப்புறம் வச்சுக்க. மொதல்லேருந்து சொல்லு."