தோற்றாலும் போகாத அணி

உமாபதிக்குக் கோபம் வந்தால் காது மடல் இரண்டும் சிவந்துவிடும். அந்த ஐப்பசி முழுக்க அவை சிவந்தபடியே இருந்தன. எல்லாம் இந்தப் பாழாய்ப்போன ஃபுட்பாலால்தான்.

அவர் ஆடுகிறவர் இல்லை. நாற்பத்தைந்து வயதில் முட்டி மடங்குவதற்கே யோசிக்கிறது. ஆனால் பிள்ளையார்பாளையம் பசங்க எங்கே ஆடினாலும் கோட்டுக்கு வெளியே நின்று கத்துகிற முதல் தொண்டை அவருடையது. ஆடுகிற ஏழு பேரும் அவர் தெருப் பிள்ளைகள், அவரைப் போலவே தறியில் உட்காருகிறவர்கள். கோல்கீப்பர் சிவராஜ் அவர் மனைவி அகிலாவின் அண்ணன் மகன். அவன் ஒரு பந்தைத் தடுத்துவிட்டால் போதும், உமாபதிக்கு அன்றைக்குச் சோறே வேண்டாம்.

ரசிகர் வேலையில் அவருக்குக் கூட்டாளி கலீல் பாய். ஜரிகைக் கடைக்காரர். சனி, ஞாயிறுகளில் கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு இருவரும் டிவியில் ஐரோப்பிய ஆட்டம் பார்ப்பார்கள். சில வருடங்களுக்கு முன்னால் அங்கே பெரிய கிளப்புகள் ஒரு டஜன் கூடி, தோற்றாலும் வெளியே போகாதபடி தங்களுக்கென்று ஒரு தனி லீக் ஆரம்பிக்கப் பார்த்தன. இவர்கள் உயிரை விடுகிற கிளப்பும் அந்தக் கூட்டத்தில் ஒன்று. அப்போது இரண்டு பேரும் திட்டிய திட்டு கொஞ்சநஞ்சமல்ல. அந்த ஊர் ரசிகர்கள் தெருவில் இறங்கிக் கத்திய கத்தலில் திட்டம் சில நாளிலேயே சுருண்டது. கலீல் கடையில் இருந்த எல்லோருக்கும் சமோசா வாங்கிக் கொடுத்தார். "ஜெயிச்சா மேல போ, தோத்தா வூட்டுக்குப் போ. இது தெரியாதவனுக்கு இன்னாத்துக்குப்பா பந்து?" என்று அன்றைக்குக் கேட்டவர் அவர்தான்.

அப்பேர்ப்பட்ட கலீல் உட்கார்ந்திருக்கிற கமிட்டியில்தான் இந்த வருடம் அந்த அநியாயம் நடந்தது.

ஊரில் வருடா வருடம் நடக்கிற தீபாவளிக் கோப்பைக் கமிட்டிக்குப் புதுத் தலைவராக வேணுகோபால் வந்தார். பட்டுக்கடை முதலாளி. ராயல் காஞ்சி என்று ஓர் அணியும் அவருக்குச் சொந்தம். வந்ததும் வராததுமாக நான்கு அணிகளுக்கு 'ஸ்தாபக அணி' என்று பரிவட்டம் கட்டிவிட்டார். அவை நேராகக் கால் இறுதியில் இறங்கும். மற்றவர்கள் அடிபட்டு உதைபட்டு மேலே ஏறி வர வேண்டும். நான்கில் முதல் பெயர் எது என்று நான் வேறு சொல்ல வேண்டுமா?

உமாபதி நேராக ஜரிகைக் கடைக்குப் போனார்.

"பாய், இந்தக் கோப்பை ஆரம்பிச்சப்போ மொத மேட்ச் ஆடுனது எங்க தெரு. ராயல் காஞ்சி போன வருசம் மொளைச்ச காளான். அது எப்டிபா ஸ்தாபகம்?"

"ஸ்பான்சர் அவுரு மூலமாத்தான் வருதுபா. கோல் போஸ்ட்டுக்குப் புது வலை கட்டியிருக்குது, பாத்தியா?"

"அப்போ வலைக்கே கோப்பைய குடுத்துடுங்க."

கலீல் சிரித்து மழுப்பினார். வல்லான் வகுத்ததே வாய்க்கால் என்று சும்மாவா சொன்னார்கள்?

பிள்ளையார்பாளையம் முட்டியது, மோதியது, சேற்றில் உருண்டது, கடைசியில் அரை இறுதிக்கு வந்தே விட்டது. எதிரணி ராயல் காஞ்சி. ஞாயிறு சாயங்காலம் ஆட்டம் என்று போஸ்டரும் ஒட்டியாகிவிட்டது. சனிக்கிழமை மதியம் செய்தி வருகிறது, ஆட்டம் ஞாயிறு காலைக்கு மாற்றம் என்று. ராயல் காஞ்சி சென்னையிலிருந்து கூட்டிவருகிற ஆட்டக்காரர்களுக்கு அன்று சாயங்காலம் அங்கே வேறு ஆட்டமாம்.

உமாபதிக்குத் தலையில் இடி விழுந்த மாதிரி ஆனது. அந்தக் காலையில்தான் அவர் பாவு போட ஏற்பாடு செய்து வைத்திருந்தார். சேலைக்கு நீளவாக்கில் ஓடுகிற நூல் மொத்தமும்தான் பாவு. அதைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, கஞ்சி தடவி, அறுந்த இழையைப் பிணைத்து, காயவைத்துச் சுருட்டினால்தான் தறியில் ஏற்றலாம். மழை மாதத்தில் அதற்குத் தோதாக வெளுத்த காலை கிடைப்பதே அபூர்வம். ஒருவர் பாவு போட்டால் வீட்டுக்கு ஓர் ஆள் வந்து கை கொடுக்க வேண்டும் என்பது அந்தத் தெரு வழக்கம். சிவராஜும் இன்னும் மூன்று ஆட்டக்காரர்களும் அந்த ஆட்களில் அடக்கம்.

"மாமா, நாங்க பாவுக்கே வந்துர்றோம்," என்றான் சிவராஜ். முகம் செத்துக் கிடந்தது.

"போடா டேய். பாவு எங்க ஓடிடப் போவுது? நாளைக்கு இல்லன்னா நாளன்னிக்கு."

அகிலா உள்ளேயிருந்து வந்தாள். "வானத்த உங்க மாமா குத்தகைக்கு எடுத்துக்கினாரா? அது கல்யாணச் சேலைடா. குடுக்க வேண்டிய தேதி அவருக்கு நெனப்பு இருக்குதான்னு கேளு."

உமாபதி காதில் விழாத மாதிரி இருந்துகொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. பாவுக்கென்றே விடிந்த காலை. உமாபதி அதைப் பார்த்து ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு மைதானத்துக்கு நடந்தார். போனது வீண்போகவில்லை. இடைவேளைக்கு முன்னால் நம் பசங்க ஒரு கோல் போட்டார்கள். முடிகிற நேரத்தில் ராயல் காஞ்சிக்கு ஒரு பெனால்டி கிடைத்தது. சிவராஜ் அப்படியே பக்கவாட்டில் பாய்ந்து பந்தைத் தள்ளிவிட்டான் பாருங்கள், உமாபதி பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாத ஒருவரைத் தூக்கிச் சுற்றினார். முடிவு விசில் ஒலித்தது. தெருவே மைதானத்துக்குள் ஓடியது.

அப்போது மைக் கரகரத்தது. வேணுகோபால் பேசினார்.

"யாரும் கலைஞ்சி போவாதீங்க. ஸ்தாபக அணி அரை இறுதியில ஒரே கோல்ல தோத்தா மறு ஆட்டம் உண்டு. இது கமிட்டி முன்னாடியே எடுத்த முடிவு. தரை ஈரமா இருக்குது, ராயல் பசங்களுக்கு இது பழக்கமில்ல."

ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணலாம்! ஈரம் என்ன, அவர்கள் நின்ற பக்கம் மட்டுமா இருந்தது?

"யோவ், தோத்தா வூட்டுக்குப் போவணும்யா!" என்று உமாபதி தொண்டை கிழியக் கத்தினார். மேடையில் யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கலீல் மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். உமாபதி அவர் சட்டையைப் பிடிக்காத குறைதான்.

"பாய், உனக்கு இது தெரியுமா?"

"தெரியும்பா. நான் வேணாம்னுதான் சொன்னேன். எல்லாரும் கை தூக்கினா நான் ஒத்த ஆளு இன்னா பண்றது?"

"எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருந்தா நீ பசங்கள எறக்கியே இருக்க மாட்ட."

அது உண்மை. உண்மையாக இருந்ததுதான் உமாபதியை இன்னும் எரித்தது. அதற்கப்புறம் அவர் ஜரிகைக் கடைப் பக்கம் போகவில்லை.

அன்றைக்குப் பிடித்த மழை விடுவேனா என்றது. மைதானம் ஏரியாகி மறு ஆட்டம் தள்ளிப்போனது. பாவும் தள்ளிப்போனது. தறி வெறுமனே கிடந்தது. அகிலா சாப்பாட்டுத் தட்டை வைக்கிற சத்தத்திலேயே அவள் மனசில் இருப்பது தெரிந்தது. ஒரு நாள் வாய்விட்டே கேட்டாள். "இன்னா மனுசன் நீ? ரூல மாத்துனவன் கடை ஜோரா நடந்துக்கினு இருக்குது. நின்னுபோனது யாரு தறி?"

உமாபதி திண்ணைக்குப் போய் வானத்தைப் பார்த்தார். 

ஒருவழியாக வெள்ளிக்கிழமை வெயில் எட்டிப் பார்த்தது. மறுநாள் காலை ஆட்டம் என்று கமிட்டி அறிவித்தது. மறுநாள் காலை பாவு என்று அகிலா அறிவித்தாள். பந்துக்கும் பாவுக்கும் ஒரே வானம்தானே!

உமாபதி பசங்களைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். "யாரும் போவாதீங்கடா. நாம இல்லாம அவன் யார்கூட ஆடுவான்? சும்மா நின்னுக்கினு இருக்கட்டும்."

"நாம போவலன்னா வாக்ஓவர் மாமா," என்றான் சிவராஜ். "அவனுங்க சும்மாவே ஃபைனலுக்குப் போயிடுவானுங்க."

"போனா அவன் ரூல நாம ஒத்துக்கினதா ஆயிடும்டா."

"அப்போ இன்னாதான் பண்றது, சொல்லுங்க."

அதுதான் யாருக்கும் தெரியவில்லை. போனாலும் வேணுகோபாலுக்கு லாபம், போகாவிட்டாலும் அவருக்குத்தான் லாபம். ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி. கடைசியில் உமாபதிதான் எழுந்தார்.

"சரி, நீங்க போங்க. ஜெயிச்சத திரும்பியும் ஜெயிச்சிட்டு வாங்க. ஆனா நான் வர மாட்டேன். காமாட்சி மேல ஆணை. இனிமே அவன் கோப்பைக்கு என் தொண்ட கெடையாது."

காலையில் பெண்களும் வயசாளிகளுமாகச் சேர்ந்து பாவை விரித்தார்கள். தெருவின் இந்தக் கோடியில் உமாபதியும் பக்கத்து வீட்டு ஜெயம்மாளும் இழுத்துப் பிடித்து நிற்க, அகிலா கஞ்சி தடவிக்கொண்டே வந்தாள். மைதானம் இரண்டு தெரு தள்ளித்தான். மைக் சத்தம் வரிவரியாகக் கேட்டது, வார்த்தைதான் பிடிபடவில்லை. திடீரென்று ஓவென்று ஒரு கூச்சல் கிளம்பியது. யார் போட்ட கோல்? உமாபதியின் கழுத்து தானாகத் திரும்பியது.

"கையில இருக்கிறத பாருங்க," என்றாள் அகிலா.

"பாத்துக்கினுதானே இருக்கேன்."

இன்னொரு கூச்சல். அதற்குப் பிறகு ஒன்றுமே இல்லை. கூச்சலையாவது தாங்கிக்கொள்ளலாம். அந்த அமைதியை எப்படித் தாங்குவது? பையனுக்கு அடிகிடி பட்டுவிட்டதா? மறுபடியும் பெனால்டியா?

"ஜெயம்மா, ஒரு நிமிசம் இதையும் சேத்துப் புடிம்மா."

"ஒரு நிமிசமாம்!" என்று அகிலா போட்ட சத்தம் தெருமுனை வரைக்கும் அவரைத் துரத்திக்கொண்டு வந்தது.

மைதானத்தில் அப்படியொரு கூட்டத்தை அவர் பார்த்ததே இல்லை. மறு ஆட்டம் என்ற அநியாயத்தைத் திட்டுவதற்கென்றே ஊர் முழுக்கத் திரண்டு வந்து மதில்மேல் ஏறி நின்றது. அதுவரை இரண்டு அணியும் ஆளுக்கு ஒரு கோல் போட்டிருந்தன. உமாபதி மூச்சிரைக்கக் கோட்டோரம் போய் நின்றதை மேடையிலிருந்து வேணுகோபால் பார்த்துவிட்டார்.

"அதோ பாருங்க! அநியாயம், மோசடின்னு நம்ம கமிட்டிய திட்டித் தீர்த்த உமாபதி அண்ணனே கஞ்சிக் கையோட ஓடியாந்துட்டாரு! புது முறைய ரசிகர்கள் ஏத்துக்கினாங்கன்றதுக்கு இதவிட இன்னா சாட்சி வேணும்? இந்த மாதிரி கூட்டம் என்னிக்காவது வந்துக்கீதா? அடுத்த வருசம் எட்டு ஸ்தாபக அணி! எல்லாரும் ஒருவாட்டி கை தட்டுங்க!"

தட்டவும் தட்டினார்கள். உமாபதிக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. அவமானம், தாங்க முடியாத அவமானம். மைக்கைப் பிடுங்கி நாலு வார்த்தை கேட்க மேடைப் பக்கம் போனார். வேண்டாம், பேசினால் அதையும் சாட்சியாக்கிவிடுவான், இந்த நிமிடமே திரும்பி நடப்பதுதான் மரியாதை என்று பாதி வழியில் புரிந்தது. திரும்பினார். அதே நேரம் ராயல் காஞ்சிக்காரன் ஒருவன் பந்தோடு ஓரமாகத் தனியே கிளம்பினான். கோலில் சிவராஜைத் தவிர அவனை மறிக்க ஆள் இல்லை.

"சிவா! முன்னாடி வாடா! டேய், முன்னாடி வா!"

அந்த மைதானத்திலேயே பெரிய சத்தம் அதுதான். வேணுகோபால் மைக்கைக் கீழே வைத்துவிட்டு அவரைப் பார்த்துக் கை தட்டிக்கொண்டிருந்தார்.