அரை இன்ச் எங்கே போகுது?

"நான் தொடலைன்னா தொடலை மாமா. எத்தனை தடவை சொல்றது?"

"நீயும் தொடலை, நானும் தொடலை. அப்ப அந்த அரை இன்ச் என்ன, கால் முளைச்சு நடந்தா போச்சு?"

"வில்லு செத்துப்போச்சு, ஒத்துக்குங்க. அதுக்கும் வயசாச்சு, உங்களுக்கும் வயசாச்சு."

"டேய் மாப்ள, வாயைக் கழுவு!"

கதவுக்கு இந்தப் பக்கம் அவள் தையல் மிஷினை ஓட்டாமல், மிதியில் காலை மட்டும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வேன்காரர் கொடுத்துவிட்டுப் போன சீட் கவர் பாதியில் நின்றது. கூடத்தில் கத்துகிறவர்கள் அவள் புருஷனும் அவள் தம்பியும். புருஷன் லிஃப்ட் மெக்கானிக், தம்பிக்கு மர வேலை. அந்த அரை இன்ச் எங்கே போகிறது என்பது அந்த வீட்டில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

இரண்டு மாதத்துக்கு முன்னால் பழைய சாமான் கடையிலிருந்து அவர் அந்த வில்லைத் தூக்கிக்கொண்டு வந்தார். மரமும் ஃபைபரும் அடுக்கடுக்காய் ஒட்டியது, முனை இரண்டும் வெளிப்பக்கமாக வளைந்து நிற்கும். அவர் பிறப்பதற்கு முன்னால் செய்ததாம். அன்றைக்கு அவள் போட்ட சத்தம் தெருக்கோடி வரை கேட்டது. "ஊசியில நூல் கோக்கக் கண்ணாடியைத் தேடற ஆளு, வில்லு விடப் போறாராம்!"

அவர் அசரவில்லை. விரிசல் இருந்தால் பஞ்சு மாட்டும் என்று விளிம்பெல்லாம் பஞ்சால் உரசினார். எங்கேயும் இழை மாட்டவில்லை, ஒட்டு விடவில்லை. புது வில்லுக்குப் போடுகிற விறைப்பான நாண் பழைய முனையை அறுத்துவிடும் என்று படித்துவிட்டு, கொஞ்சம் நெகிழ்ந்து கொடுக்கிற பாலியஸ்டர் நாணாகத் தேடி வாங்கினார். காலுக்கு இடையில் விட்டு வளைத்தால் வில் கோணிக்கொள்ளும் என்று, அதற்கென்றே இருக்கிற கயிற்றை மாட்டித்தான் நாண் ஏற்றினார். பிடியிலிருந்து நாண் வரை எட்டேகால் இன்ச் இடைவெளி வைத்தார். நாணைக் கூடுதலாக முறுக்கினால் அது குட்டையாகும், இடைவெளி கூடும். முறுக்கை அவிழ்த்தால் குறையும். சூட்சுமம் அவ்வளவுதான்.

ஒருநாள் அவர் வேலைக்குப் போனபிறகு, தூசி தட்டுகிற சாக்கில் அவள் வில்லைக் கையில் எடுத்தாள். மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டிச் சுவரில் சாய்த்திருந்த பழைய மெத்தையைப் பார்த்து ஓர் அம்பு விட்டாள். பிடித்துக்கொண்டது பைத்தியம்.

சத்தம்தான் பிடிக்கவில்லை. விட்டதும் நாண் 'டங்ங்' என்று அதிர்ந்தது. இருபது வருஷமாக மிஷினில் நூல் இழுவையைக் காதால் பார்க்கிறவள் அவள். முறுக்கை ஒவ்வொன்றாக அவிழ்த்துக்கொண்டே வந்தாள். ஏழேமுக்காலில் 'தப்' என்று அடங்கியது. அம்பும் சொன்ன இடத்தில் போய் உட்கார்ந்தது. இந்தச் சத்தத்தைக் கேட்டால் அவரே அப்படி விட்டுவிடுவார் என்று நினைத்தாள். அவரோ சாயங்காலம் வந்து ஸ்கேல் வைத்துப் பார்த்து, தலையில் கை வைத்து, மறுபடி எட்டேகாலுக்கு முறுக்கினார். காலையில் அவள் அவிழ்த்தாள். ஐந்து வாரம் இதே கதை. மனுஷன் சாப்பிடும்போதே பாதியில் எழுந்து போய் அளந்தார்.

இப்போது கூடத்தில் அவர் குரல் தணிந்திருந்தது. "புது நாண் கொஞ்ச நாள் நீளும்னு விட்டேன்டா. அஞ்சு வாரமாவா நீளும்? வில்லுதான் தளருது."

"அதைத்தான் நானும் சொல்றேன். ஒருநாள் உடைஞ்சு மூஞ்சியில அடிச்சா அக்காவுக்கு யாரு பதில் சொல்றது? மேல ஒரு ஓட்டை, கீழ ஒரு ஓட்டை, ரெண்டு ஸ்க்ரூ. சோஃபாவுக்கு மேல அம்சமா இருக்கும்."

அவர் ஸ்கேலைத் தூக்கிப் போடுகிற சத்தம் கேட்டது. பிறகு, "சரி, போடு."

டிரில் மிஷின் 'விர்ர்' என்றது. ஓட்டை விழுந்த வில்லில் அதற்குமேல் நாணே ஏற்ற முடியாது. வாயைத் திறந்தால் மானம் போகும், திறக்காவிட்டால் வில் போகும். கழுத்தில் டேப்போடு எழுந்து ஓடினாள்.

"டேய், அதை ஆஃப் பண்ணு!"

"என்னக்கா?"

"முறுக்கை அவுக்கிறது நான்தான்."

புருஷன் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "நீயா? எதுக்கு?"

"விடறதுக்குத்தான்."

"என்னத்தை விடறதுக்கு?"

"அம்பைத்தான். வேற என்ன, பட்டமா விடுவாங்க?"

யாரும் நம்பவில்லை. மாடிக்கு இழுத்துக்கொண்டு போனாள். மெத்தையின் முன்பக்கம் அவருடையது, ஞாயிற்றுக்கிழமைகளில் விட்டது, சல்லடை மாதிரி மூலைக்கு மூலை ஓட்டை. அவள் மெத்தையைத் திருப்பிக் காட்டினாள். நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரே குழி.

"மாமா," என்றான் தம்பி, "வில்லு தளரலை. வேற எதுவோதான்."

அவர் சட்டைக் கையை மேலே சுருட்டினார். இந்த வெயிலில் எதற்கு முழுக்கைச் சட்டை என்று அவளும் ஒரு மாதமாகக் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். முழங்கைக்குக் கீழே கத்தரிக்காய் நிறத்தில் ஒரு பட்டை.

"கீழ இறக்கினா நாண் கையில படீர்னு அறையுது. அதான் ஏத்தி வச்சேன். சொன்னா நீ சிரிப்பே."

"சிரிக்க மாட்டேங்க" என்று சொல்லி முடிப்பதற்குள் சிரித்துவிட்டாள்.

அன்றைக்கே இன்னொரு நாண் முறுக்கினாள். சிவப்பு நூல் சுற்றியது அவளுக்கு, கறுப்பு நூல் சுற்றியது அவருக்கு. அதோடு பிரச்சினை முடிந்தது என்றுதான் மூன்று பேரும் நினைத்தார்கள்.

ஆனால் போன ஞாயிற்றுக்கிழமை முதல், கறுப்பு நாணைப் போட்டு அவர் முழுக்க இழுக்கும்போது வில்லின் கீழ்ப்பாதியில் 'டிக்' என்று ஒரு சத்தம். சிவப்பு நாணில் அவள் இழுத்தால் அது வருவதில்லை. அவருக்குக் கை நீளம், அவளைவிட இரண்டு இன்ச் கூடுதலாக இழுக்கிறார். பஞ்சு உரசியாயிற்று, எங்கேயும் மாட்டவில்லை. நாணுக்கு மெழுகும் தடவியாயிற்று. தம்பி டிரில் மிஷினை எடுத்துப்போகவில்லை. "இருக்கட்டும்கா, எப்படியும் வேணும்" என்கிறான். அவள் வில்லை உறையிலிருந்து எடுப்பதும் வைப்பதுமாக இருக்கிறாள். வேன்காரரின் சீட் கவர் அப்படியே கிடக்கிறது.

பழைய வில் வைத்திருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால் தயவுசெய்து கீழே ஒரு வரி எழுதுங்கள். அந்த 'டிக்', முனைப் பள்ளத்தில் நாண் உட்காருகிற சத்தமா, இல்லை உள்ளே ஒட்டு விடுகிற சத்தமா? அது தெரிகிறவரை அவள் இழுக்கலாமா, கூடாதா?