நான்காவது மேனேஜர்

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எங்கள் வீட்டுக் கூடத்தில் இருந்தவர்கள் இவர்கள்தான்: நான், என் மனைவி, எதற்கெடுத்தாலும் வாதாடுவதால் சிறுவயதிலிருந்தே வக்கீல் என்று நாங்கள் அழைக்கும் என் தம்பி, என் மகன், பிறந்த வீட்டிலிருந்து அப்போதுதான் திரும்பி, பாதியில் வந்து சேர்ந்த என் மருமகள், ஜன்னலோரம் படுத்திருந்த மேனேஜர். வேறு யாரும் இல்லை. தானும் கூடவே இருந்ததாகச் சொல்லித் திரியும் பக்கத்துக் கடை டெய்லர், மாடிப்படியில் பாதி ஏறி, உள்ளே அழுகைச் சத்தம் கேட்டதும் திரும்பிப் போனவர்.

மேனேஜர் எங்கள் நாய். கீழே கண்ணாடிக் கடை, மேலே வீடு. என் அப்பா கடை தொடங்கிய புதிதில் சம்பளத்துக்கு ஒரு மேனேஜரை வைத்திருந்தார். அந்த ஆள் ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டார். மறுநாள் காலை கதவைத் திறந்துவைத்துவிட்டு அப்பா உள்ளே கண்ணாடி வெட்டும் வைரக்கட்டையைத் தேடிக்கொண்டிருக்கையில், தெருவிலிருந்து ஒரு குட்டி வந்து காலியாக இருந்த அந்த நாற்காலியில் ஏறிச் சுருண்டு படுத்தது. "இது லீவு கேக்காது, கோவிச்சுக்கிட்டும் போகாது. இனிமே இதுதான் மேனேஜர்" என்றார் அப்பா. அன்று முதல் எங்கள் வீட்டில் அந்தப் பதவி காலியாக இருந்ததில்லை. ஒருவர் போனால், நாற்காலி மெத்தையின் சூடு ஆறுவதற்குள் அடுத்தவர் வந்துவிடுவார். பெயர் அதேதான். மரியாதையும் அதேதான். அவர், இவர் என்றுதான் பேசுவோம். செத்துப்போனார் என்று ஒருநாளும் சொல்வதில்லை. மாற்றல் ஆகிவிட்டது என்போம்.

முதலாமவர் வாடிக்கையாளர் கையில் வெட்டிய கண்ணாடி இருந்தால் எழுந்து வழி விடுவார். வெறுங்கையோடு போனால் அசைய மாட்டார். இரண்டாமவர் கண்ணாடித் துண்டை மிதித்துப் பாதம் கிழிந்து, கடைசிவரை வலது முன்காலைத் தாங்கித் தாங்கி நடந்தவர். தெருவிலிருந்த பெட்டை நாய்களுக்கு அந்த நடை பிடித்திருந்தது போலும். மூன்றாமவர் பதினான்கு வயது வரை இருந்து, சிறுநீரகம் கெட்டு, தண்ணீர் குடித்தபடியே மாற்றலாகிப் போனார். என் மனைவி அந்தத் தண்ணீர்ச் சட்டியை இன்னும் எறியவில்லை. அதில்தான் இப்போதைய மேனேஜரும் குடிக்கிறார்.

இந்த நால்வரில் மூவரைப் பார்த்தவர் ஒரே கால்நடை மருத்துவர். வந்ததும் பேச மாட்டார். முதலில் வயிற்றைத் தடவுவார், பிறகு வாயைத் திறந்து ஈறைப் பார்ப்பார், கடைசியில் எங்களைப் பார்ப்பார். மருந்துச் சீட்டில் 'மேனேஜர் 2', 'மேனேஜர் 3' என்று எண் போட்டு எழுதியவர் அவர் ஒருவர்தான். எங்கள் வீட்டில் யாரும் எண் போட்டதில்லை. போன வருடம் வயதாகிவிட்டது என்று மகள் வீட்டோடு போய்விட்டார். அவர் ஸ்கூட்டர் வந்து நிற்கும் சத்தத்திலேயே எங்களுக்குப் பாதி நிம்மதி வந்துவிடும்.

அவர் இல்லாத முதல் நோய் இது. மேனேஜர் சில நாட்களாகச் சாப்பிடவில்லை. தண்ணீரை மட்டும் சட்டி சட்டியாகக் குடித்தார். நாற்காலியில் ஏற முடியாமல் நின்றதைக் கண்டு நானும் மகனும் தூக்கி மேலே கொண்டுவந்தோம்.

"புது டாக்டர் யார்கிட்டயாவது காட்டலாமா?" என்றான் மகன்.

"ஞாயித்துக்கிழமை எந்த டாக்டர் உனக்காகக் கடை திறந்து வச்சிருக்கான்? இதுலயே கேட்டுடலாம். உலகத்துல இருக்கற அத்தன நாய் டாக்டரும் இதுக்குள்ளதான் இருக்காங்க" என்று வக்கீல் தன் போனை எடுத்தான். "எங்க மேனேஜருக்கு உடம்பு சரியில்ல. சாப்பிட மாட்டேங்கறாரு, தண்ணியா குடிக்கறாரு."

செயற்கை நுண்ணறிவு எங்கள் மேனேஜரை மனிதர் என்று நினைத்து, காலையில் வெறும் வயிற்றில் சர்க்கரை அளவைப் பார்க்கச் சொன்னது.

"யோவ், நாய்யா!" என்று அதட்டினான் தம்பி.

அது மன்னிப்புக் கேட்டது. வயது என்ன, ஆணா பெண்ணா, முன்பு என்னென்ன நோய் வந்தது என்று வரிசையாகக் கேட்டது.

"அண்ணி, ஞாபகம் இருக்கறத எல்லாம் சொல்லுங்க. எவ்வளவு சொல்றமோ அவ்வளவு நல்லதாம்."

என் மனைவி போனை நோக்கிக் குனிந்தாள். "முன்னாடியும் இப்படித்தான் தண்ணி குடிச்சாரு. கிட்னி போச்சுன்னு டாக்டர் சொன்னாரு. அப்பவே பதினாலு வயசு."

"வலது முன்கால் ஊனம். அதோடயே பொட்டைங்க பின்னால தெருத் தெருவா சுத்துவாரு. அதையும் சொல்லு" என்றேன் நான்.

கேட்டதற்குப் பதில் சொல்லத் தொடங்கினோம். பிறகு கேட்காததையும் சொன்னோம். கண்ணாடிக்கு வழி விட்டது, தபால்காரரின் பையை இழுத்துவந்தது, அப்பா படுக்கையில் கிடந்தபோது கட்டிலுக்கு அடியிலிருந்து வர மறுத்தது. என் மகன்கூடச் சிரித்தான். நெடுநாளைக்குப் பிறகு வீட்டில் அப்பாவின் குரலைப் போல் ஒருவர் மாற்றி ஒருவர் பேசிக் காட்டினோம்.

போன் பொறுமையாக எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டது. பிறகு இதமான குரலில் சொன்னது: பதினான்கு வயதைத் தாண்டிய ஆண் நாய், ஏற்கெனவே சிறுநீரகம் பழுதானது என்கிறீர்கள், இது அந்த நோயின் முற்றிய நிலையாக இருக்கலாம். வசதியாகப் படுக்க வையுங்கள். பழகிய முகங்கள் பக்கத்தில் இருக்கட்டும். நேரில் பார்க்காமல் உறுதியாகச் சொல்ல முடியாது, மருத்துவரிடம் காட்டுங்கள்.

"கடைசி வரி எல்லாத்துக்கும் சொல்றதுதான். தலைவலின்னு கேட்டாலும் அதத்தான் சொல்லும்" என்று தம்பி போனைக் கவிழ்த்து வைத்தான்.

இந்த இடத்தில் ஊரார் சிரிக்கிறார்கள். வயதைக் கேட்டபோதாவது உறைக்கவில்லையா என்கிறார்கள். அவர்கள் ஒரே பெயரைச் சொல்லி மூன்று முறை அழுதவர்கள் அல்லர். மேனேஜர் என்றால் எங்களுக்கு எல்லா வயதும் ஒன்றாகத்தான் நினைவுக்கு வரும்.

மனைவி கீழே போய் நாற்காலி மெத்தையைக் கொண்டுவந்து தலைக்கு வைத்தாள். நாங்கள் சுற்றி உட்கார்ந்தோம். நான் மேனேஜரின் நெற்றியில் கை வைத்து, "போய்ட்டு வாங்க. கடைய நாங்க பாத்துக்கறோம்" என்றேன். மூன்று பேருக்கும் சொன்னதுதான். அப்போதுதான் மனைவி சத்தமாக அழுதாள். டெய்லர் படியிலிருந்து இறங்கியதும் அப்போதுதான்.

அவருக்கு வழி விட்டு ஏறி வந்த மருமகள் வாசலில் பையோடு நின்றாள். மேனேஜரின் வால் நுனி மட்டும் அசைந்தது.

"என்ன ஆச்சு அத்தை?"

"மாற்றல் வந்துடுச்சும்மா. கிட்னி. வயசும் ஆச்சு."

"யாருக்கு வயசாச்சு?"

"மேனேஜருக்கு."

"ஆறு வயசு அத்தை இவளுக்கு!"

எங்கள் வீட்டில் மேனேஜரை 'இவள்' என்று யாரும் சொன்னதில்லை. நான் கண்டித்திருப்பேன். ஆனால் அவள் பையைப் போட்டுவிட்டு மண்டியிட்டுவிட்டாள். அவள் இந்த வீட்டுக்கு வந்து இரண்டு வருடம்தான். முந்தைய மூவரைப் படத்தில்கூடப் பார்த்ததில்லை. அவளுக்கு மேனேஜர் என்றால் இந்த ஒருவர்தான்.

மோப்பம் பிடிப்பவள்போல் முகத்தைச் சுளித்து, வாலை மெல்லத் தூக்கிப் பார்த்தாள். "இங்க சீழ் மாதிரி வடியுது. சின்ன மாமா, இதச் சொன்னீங்களா போன்ல?"

"வாலத் தூக்கிப் பாருன்னு அது சொல்லலயே!"

"பொம்பள நாய்ன்னு சொன்னீங்களா?"

வக்கீல் என் முகத்தைப் பார்த்தான்.

"எந்திரிங்க. வேன எடுங்க" என்றாள் கணவனிடம். பிறகுதான் என் பக்கம் திரும்பி, "மாமா, எடுக்கலாமா?" என்றாள். கேட்கும் முறை தெரிந்த பெண். "ம்" என்றேன்.

திங்கட்கிழமை கொண்டுபோக வேண்டிய ஜன்னல் கண்ணாடிகள் வேனின் சட்டத்தில் கட்டியிருந்தன. அவற்றை இறக்க நேரமில்லை. மகன் பள்ளம் பார்த்து ஓட்ட, கண்ணாடிகள் கிணுகிணுக்க, அவற்றுக்கு நடுவில் மருமகள் மேனேஜரை மடியில் வைத்துக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை திறந்திருக்கும் மருத்துவமனையை இரண்டு பேரிடம் விசாரித்துக் கண்டுபிடித்தோம். மருத்துவர் இளம்பெண்.

"பேரு?"

"மேனேஜர்."

"சார், நாய் பேரு கேட்டேன்."

"நானும் அதத்தான் சொன்னேன்."

"வயசு?" நான் யோசித்தேன். "ஆறு" என்றாள் மருமகள். "போன மாசம் பருவத்துக்கு வந்து முடிஞ்சுது. குட்டி போட்டதில்ல."

மருத்துவர் அதற்குமேல் எதுவும் கேட்காமல் வயிற்றைத் தடவினார், ஈறைப் பார்த்தார். எங்கள் பழைய மருத்துவரின் வரிசை மாறாத அதே முறை. பிறகு ஸ்கேன் எடுத்துவிட்டுச் சொன்னார்: "கர்ப்பப்பை முழுக்கச் சீழ். இப்பவே எடுத்தாகணும். பொழைக்க வாய்ப்பு இருக்கு. இவ்வளவு நாள் ஏன் விட்டீங்க?"

தம்பி போனை நீட்டினான். அவர் படித்தார். சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன், சிரிக்கவில்லை.

"இதுல தப்பு ஒண்ணும் இல்லையே. பதினாலு வயசு, கிட்னி கெட்ட ஆண் நாய்ன்னா நானும் போன்ல இதத்தான் சொல்லியிருப்பேன். ஆனா அந்த நாய் எங்க?"

அது எங்கே இருக்கிறது என்று எங்களுக்குத் தெரியும். கடைக்குப் பின்னால், மரச்சட்டங்கள் அடுக்கும் இடத்துக்குப் பக்கத்தில், மற்ற இருவரோடு.

அறுவை முடிந்து, சில நாட்கள் அங்கேயே வைத்திருந்து அனுப்பினார்கள். இப்போது மேனேஜர் பழையபடி நாற்காலியில் இருக்கிறார். தம்பி இன்னமும் போனிடம் எல்லாம் கேட்கிறான். நாயைப் பற்றிக் கேட்பதானால் மட்டும் முதலில் மருமகளைக் கூப்பிட்டுப் பக்கத்தில் நிறுத்திக்கொள்கிறான்.

மேனேஜர் இளைத்திருக்கிறார். வயிற்றில் மழித்த மயிர் இன்னும் சரியாக முளைக்கவில்லை. இதைப் பார்த்துவிட்டு டெய்லர் ஒரு கதை கட்டியிருக்கிறார்: பழைய மேனேஜர் அன்றைக்கே போய்விட்டதாம், அழுததைத் தன் காதால் கேட்டாராம், நாங்கள் வழக்கம்போல் சத்தமில்லாமல் வேறொரு நாயைக் கொண்டுவந்து அதே பெயரில் உட்கார வைத்துவிட்டோமாம். கடைக்கு வருகிறவர்கள் என்னிடமே துக்கம் விசாரிக்கிறார்கள்.

அது பொய். நாற்காலியில் இருப்பது அதே நாய். மாற்றல் எதுவும் ஆகவில்லை.