பதினேழு நுணாவன்கள்

1

இந்தக் கதை எனக்காகத் தோன்றியது இல்லை. கேட்டு வாங்கிக்கொண்டு போக ஆள் வந்ததால் எழுத உட்கார்ந்தேன். அதுவும் ஒரு பொய்யை எழுதித் தரச் சொல்லி வந்தார்கள். முப்பது வருடமாகப் பொய் எழுதுகிறேன், இதுவரை ஒருத்தரும் ஆர்டர் கொடுத்ததில்லை. சந்தோஷத்தில் அவர்களுக்குக் கொடுத்த காப்பியில் சர்க்கரை போட மறந்துவிட்டேன்.

வந்தவர்கள் இரண்டு பேர். பல்லடத்தில் கோழிப்பண்ணை வைத்திருக்கும் மனோஜ்குமார், அவன் கட்டிக்கொள்ளப் போகும் டீனா. டீனா போத்தனூர்க்காரி, பம்ப் கம்பெனியில் டிசைன் என்ஜினியர், கிறிஸ்தவப் பெண். மனோஜின் அம்மா மாரியாத்தாள் ஒன்றரை வருடம் முரண்டு பிடித்து, கடைசியில் சர்ச்சிலும் ஒரு கல்யாணம், கோயிலிலும் ஒரு கல்யாணம் என்று தலையாட்டிவிட்டார். பத்திரிகை அடிக்கிற நேரத்தில்தான் வண்டி நின்றது.

நிறுத்தியது பெண்ணின் பேர். டீனா நுணாவன்.

[பேரை மாற்றியிருக்கிறேன். அப்படி ஒரு கூட்டம் இருப்பதாக நான் கேள்விப்பட்டதில்லை. யாரும் சண்டைக்கு வர வேண்டாம்.]

விஷயம் புதிதாக இருப்பவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். இந்தப் பக்கத்து விவசாயக் குடும்பம் ஒவ்வொன்றும் ஏதாவது ஒரு கூட்டத்தைச் சேர்ந்தது. ஒரே கூட்டம் என்றால் பங்காளிகள். முன்பின் பார்த்திராத ஆணும் பெண்ணும்கூட அண்ணன் தங்கை முறை, கல்யாணப் பேச்சே கிடையாது. பத்திரிகையில் குலதெய்வத்துக்குக் கீழே கூட்டத்தின் பேரை அச்சடிப்பார்கள். மனோஜ் வீட்டார் நுணாவன் கூட்டம்.

“பேரு ஒண்ணா இருக்கறதப் பாத்துத்தானுங்க அக்கா நாங்க மொதல்ல பேசவே ஆரம்பிச்சோம்” என்றான் மனோஜ். “அப்ப வேடிக்கையா இருந்துச்சு. ப்ரூஃபப் பாத்துட்டு அம்மா ஒரே கேள்விதானுங்க. ‘ஏன்டா, பங்காளி ஊட்டுப் புள்ளையவா கூட்டியாந்திருக்கே?’ன்னாங்க. நான் படக்குனு, அது வேற நுணாவன்னு சொல்லிப்போட்டேன். எழுத்துலயே காட்டறேன்னு வேற சொல்லிப்போட்டேனுங்க.”

“வெறும் டீனான்னு போட்டுட்டா என்ன?” என்றேன்.

“அது மட்டும் முடியாதுங்க அக்கா” என்றாள் டீனா. “எங்கப்பா அந்தப் பேரக் கிரானைட்டுல செதுக்கி வாசக் கேட்டுல பதிச்சிருக்காருங்க.”

ஞாயிற்றுக்கிழமை மாரியாத்தாள் என் வீட்டுக்கே வந்து கேட்பதாக ஏற்பாடு. நான் எழுதியது எடுபடாவிட்டால் கல்யாணம் இல்லை. கையில் ஆறு நாள் இருந்தது.

2

தொடக்கம் ஒன்று: “போத்தனூருக்கு ரயில் வந்த புதிதில், நுணா மரத்தில் நுகத்தடி செய்து விற்ற தச்சர் ஒருவர் அங்கே”

ரயில் வந்து இறங்கிய ஊரில் நுகத்தடியை விற்க உட்கார்ந்த ஆளின் புத்தியை என்ன சொல்வது? விட்டுவிட்டேன்.

தொடக்கம் இரண்டு: “வால்பாறை எஸ்டேட்டுக்கு ஆள் எடுத்த கங்காணி, நுணா மரத்தடியில் கூடியவர்களுக்கெல்லாம் அதையே பேராக”

அப்படியானால் அங்கே லைன் வீடு முழுக்க நுணாவன்களாக அல்லவா இருக்க வேண்டும்? இருக்கிறார்களா என்று பார்க்கலாமே என்று ஃபேஸ்புக்கில் தேடினேன். வாக்காளர் பட்டியலில் தேடினேன். டீனா வீட்டுக்குப் போன் போட்டு உறவுகளைக் கேட்டேன். இந்தப் பேரைப் பேரோடு சேர்த்து எழுதுகிறவர்கள் எனக்குக் கிடைத்த வரை பதினேழு பேர். பதினாறு பேர் போத்தனூரில். ஒருவர் துபாயில், டீனாவின் சித்தப்பா ஜெரால்டு நுணாவன்.

கூட்டத்தில் பிறந்தவர்களோ ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள், ஒருவர்கூட அதைப் பேரோடு சேர்ப்பதில்லை. நமக்கு ஒரு இனிஷியல் போதும். பாஸ்போர்ட் ஃபாரத்தில் சர்நேம் என்று கேட்டால் முழித்துவிட்டு அப்பா பேரைத் தூக்கி வைக்கிற ஜனம் நாம். பிறகு இந்தப் பதினேழு பேருக்கு மட்டும் இது எப்படி வந்தது?

எனக்குக் கை பரபரத்தது. பொய்யை மூடி வைத்துவிட்டுப் போத்தனூருக்கு பஸ் ஏறினேன்.

(இங்கே ஒரு சந்தேகம். மனோஜ்குமார் எனக்குச் சரியாகப் பிடிபடவில்லை. நல்ல பையன்தான். ஆனால் அம்மா முன்னால் வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டு, அதை நிஜமாக்க ஊரெல்லாம் அலைகிறவனை நம்பி ஒரு கதையை நடத்த முடியுமா? இரண்டு முறை அவனை எடுத்துவிட்டு எழுதிப் பார்த்தேன். கதை நகரவில்லை.)

3

போத்தனூர் சர்ச்சின் பங்கு அலுவலகத்தைப் பார்த்துக்கொள்ளும் விமலாராணி, பழைய ஞானஸ்நானப் பதிவேடுகளை மேசையில் அடுக்கினார். டீனா அரைநாள் லீவு போட்டு வந்திருந்தாள். அவள் வீட்டில் தெரிந்த முதல் மூதாதை பிரகாசம் என்பவர். அவருக்கு முன்னால் யார் என்று யாருக்கும் தெரியாது. இரண்டு பேரும் பக்கம் பக்கமாக விரல் வைத்துப் பார்த்தோம்.

1894-இல் இருந்தார்!

‘பெயர்: பிரகாசம். குடும்பப் பெயர்: நுணாவன்.’ பக்கத்திலேயே, தமிழ் கற்றுக்கொண்டிருந்த ஒரு வெளிநாட்டுப் பாதிரியாரின் கோணல்மாணல் எழுத்தில் ஒரு குறிப்பு: ‘உன் குடும்பம் எது என்று கேட்டேன். நுணாவன் பண்ணாடி ஊட்டு ஆளுங்க சாமி என்றான்.’

“கிடைச்சிருச்சு!” என்று கத்திவிட்டேன். விமலாராணி உதட்டில் விரலை வைத்தார்.

பண்ணாடி என்றால் நிலத்துக்காரர். பண்ணையத்தில் வேலை செய்கிறவனிடம் அதுவரை யாரும் உன் குடும்பம் எது என்று கேட்டதில்லை. யார் வீட்டு ஆள் என்றுதான் கேட்பார்கள். பிரகாசம் தனக்குப் பழக்கமான கேள்விக்குப் பதில் சொன்னார். பாதிரியார் தன் ஊர் வழக்கப்படி அதைக் குடும்பப் பெயர்க் கட்டத்தில் எழுதிக்கொண்டார். அவ்வளவுதான் பூர்வீகம். நூற்றுமுப்பது வருடம் யாருக்கும் தெரியாமல் கிடந்தது என் விரலுக்கடியில் இருந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

பிறகுதான் டீனாவைப் பார்த்தேன். அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தாள்.

“அப்ப இது எங்க பேரு இல்லைங்களா அக்கா? எங்கள வெச்சிருந்தவங்க பேருங்களா?”

கத்தியதற்கு வெட்கப்பட்டேன். இப்போதும் வெட்கப்படுகிறேன்.

4

போனில் மனோஜ் துள்ளினான். “அப்பப் பங்காளியே இல்லைங்க! அண்ணன் தங்கச்சி இல்லைங்க! அக்கா, நீங்க தெய்வமுங்க!” கோழிகள் மிரண்டு சத்தம் போட்டது எனக்கே கேட்டது.

கொஞ்ச நேரம் கழித்துக் குரல் இறங்கியது.

“அக்கா… அம்மாகிட்ட இத அப்படியேவாங்க சொல்லுவீங்க?”

அவனுக்கும் புரிந்துவிட்டது. பங்காளி இல்லை என்று காட்டுகிற அதே வரி, இவள் யார் வீட்டுப் பெண் என்றும் காட்டுகிறது. கிறிஸ்தவப் பெண் என்பதற்கு ஒன்றரை வருடம் ஆயிற்று. தங்கள் கூட்டத்தார் பண்ணையத்தில் ஏர் ஓட்டியவரின் வம்சம் என்பதற்கு எத்தனை வருடம் ஆகும்? சாதிப் பேரை நான் இங்கே எழுதவில்லை. எழுதாமலே உங்களுக்குத் தெரிந்திருக்கும், நம் ஊரில் அந்தக் கணக்கு மட்டும் யாருக்கும் தப்புவதில்லை.

“நீங்க மொதல்ல சொன்ன அந்த நுகத்தடித் தச்சரு நல்லாத்தானுங்க இருந்தாரு. அவரையே எழுதிக் குடுத்துருங்க.”

எழுதினேன். பொய் சொல்லவில்லை, நன்றாகவே வந்தது. ரயில் வேலைக்கு வந்த தச்சர், ஓய்வு நேரத்தில் நுகத்தடி, அடையாளமாக ஒட்டிக்கொண்ட மரத்தின் பேர் என்று ஒன்றரைப் பக்கம். பதிவேட்டில் கண்டதையும் இன்னொரு தாளில் எழுதி வைத்தேன்.

5

முடிவு அ: மாரியாத்தாள் தாளைக் கிழித்து எறிந்துவிட்டு

முடிவு ஆ: “எல்லாருங் கடவுள் புள்ளைங்கதான்” என்று டீனாவைக் கட்டிக்கொண்டு

சீ. இரண்டுமே டிவியில் பார்த்தவை. நடந்த வரைக்கும் சொல்கிறேன்.

ஞாயிறு காலை பத்து மணிக்கு மாரியாத்தாள் ஒரு அட்டை முட்டையோடு வந்தார். பண்ணை முட்டை, எனக்கு. சோபாவில் உட்கார்ந்து, டீனாவைக் கூப்பிட்டுப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அவள் முழங்காலில் கையை வைத்தார்.

“வெயில்ல வந்தியா கண்ணு? மூஞ்சியெல்லாம் வாடிக் கெடக்குது.” பிறகு என்னிடம், “ஏனுங்க அம்மணி, என்னமோ எழுதியிருக்கீங்களாமா. படிங்க, கேப்போம்” என்றார்.

மேசையில் இரண்டு தாள்கள் இருந்தன. என் கை தச்சர் பக்கம்தான் போனது. அதை மறைக்க மாட்டேன்.

டீனா எட்டி மற்றதை எடுத்துக்கொண்டாள். “அக்கா, இருங்க. எம்பேரு, நானே படிக்கறேன்.”

வாசல் பக்கம் நின்ற மனோஜ் ஓரடி எடுத்து வைத்தான். தடுக்கப் போகிறான் என்று நினைத்தேன். மின்விசிறிக் காற்றில் தாள் படபடத்துக்கொண்டிருந்தது. அவன் வந்து தரையில் உட்கார்ந்து தாளின் மறு ஓரத்தைப் பிடித்துக்கொண்டான். நான் எழுதிக் கொடுக்காத ஒன்றை அவன் செய்துவிட்டான்! எழுந்து கைதட்ட வேண்டும்போல இருந்தது.

டீனா முதல் வரியிலிருந்து படித்தாள். வருடத்தைப் படித்தாள், பாதிரியார் கேட்டதைப் படித்தாள். “‘நுணாவன் பண்ணாடி ஊட்டு ஆளுங்க சாமி’ன்னு சொல்லியிருக்காருங்க, அத்தை. அவரு எங்க தாத்தாவுக்குத் தாத்தாங்க.”

மாரியாத்தாளின் கை அப்போதும் அவள் முழங்காலில்தான் இருந்தது.

இதற்கு மேல் நான் எழுத மாட்டேன். எனக்குத் தெரியாமல் இல்லை, அந்த அறையில்தான் இருந்தேன். ஆனால் மாரியாத்தாள் செய்ததைச் சொல்லிவிட்டால், நல்லவர் என்றோ மோசம் என்றோ அவரைப் பற்றிப் பேசிவிட்டு நீங்கள் எழுந்து போய்விடுவீர்கள். அதனால் அவரை அனுப்பிவிட்டு அந்த இடத்தில் நீங்கள் உட்காருங்கள். உங்கள் மகன் தரையில் இருக்கிறான். பக்கத்தில் அந்தப் பெண், படித்து முடித்துவிட்டு உங்களைப் பார்க்கிறாள். அவள் முழங்காலில் இருப்பது உங்கள் கை.