பதினேழு அடிக்குத்தான் சாங்ஷன்

சுரங்கத்தின் தலைமை அதிகாரியான சீஃப் ஓய்வு பெறப்போகிறார் என்றதும், அவருக்கு என்ன பரிசு தருவது என்று யோசிக்க ஏழு பேர் கொண்ட குழு அமைக்கப்பட்டது. குழு மூன்று முறை கூடி, தட்டுத் தட்டாகப் பகோடா சாப்பிட்டது. முன்னாள் சீஃபுக்குக் கொடுத்த குரூப் போட்டோ பதினாறு அடி நீளம். ஆகவே இவருக்குப் பதினேழு அடி என்று தீர்மானம் ஆயிற்று. நோட் போட்டு, எல்லா மேசையிலும் கையெழுத்து வாங்கி, நீளத்துக்கு சாங்ஷனும் ஆகிவிட்டது. அதற்குப் பிறகுதான் போட்டோவையே எடுத்தார்கள்.

சுரங்கத்தின் ராட்சத இயந்திரத்துக்கு முன்னால் அறுபது பேர் ஒரே வரிசையில் நின்றார்கள். நடுவில் சீஃப். இரண்டு பக்கமும் பதவிப்படி இறங்கிக்கொண்டே போனது வரிசை. இடது கோடியில் கான்ட்ராக்ட் ஆட்கள் பதினோரு பேர். நிதிப்பிரிவு மேலாளர் நெடுமாறன் வழக்கம்போலக் கடைசியாக வந்ததால், தன் ஆட்களோடு வலது கோடியில் நின்றார்.

இடது கோடியின் கோடியில் நின்றவன் கிளமென்ட். பத்தொன்பது வருடக் கான்ட்ராக்ட். இத்தனை வருடத்தில் எத்தனையோ பிரிவுபசார விழாவுக்கு நாற்காலி தூக்கிப் போட்டிருக்கிறான். போட்டோவில் நிற்கச் சொன்னது இதுதான் முதல் தடவை. அவன் மனைவி வினோலியா மெயின் பஜாரில் போட்டோ பிரிண்ட் கடை வைத்திருக்கிறாள். விழா நாளன்று காலையில் படம் அச்சடிக்க அவளிடமே வந்து சேர்ந்தது. விழா மாலை ஐந்து மணிக்கு.

மத்தியானம் இரண்டு மணிக்குக் குழுவின் செயலாளர், உதவி மேலாளர் மதிவாணன், கடைக்குள் வந்தபோது வினோலியா தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தாள். எதிரே மூன்றடித் துண்டுப் படம் கிடந்தது.

"என்னம்மா இது? கான்ட்ராக்ட் ஆளுங்கள மட்டும் போட்டிருக்க? சீஃப் எங்க?"

"அவரு உள்ளயே நின்னுட்டாரு சார். நீளத்த ரெண்டு இடத்துல சொல்லணும். படத்தத் தொறக்கற புரோகிராம்லயும் சொல்லணும், பிரிண்டர் செட்டிங்லயும் சொல்லணும். ஒரு இடத்துல மாத்த மறந்துட்டேன். அது வழக்கமான தாள் சைஸ்னு நெனச்சு மூணடியில வெட்டிப் போட்டுச்சு."

"ரெண்டு இடத்துல எதுக்கு?"

"உங்க ஆபீஸ்ல எத்தினி இடம் சார்?"

மதிவாணன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். வினோலியா தொடர்ந்தாள்.

"ரோல்ல இன்னும் இருபத்திரெண்டு அடிதான் பாக்கி. சென்னையிலேர்ந்து புது ரோல் வர மூணு நாளு ஆவும். அதனால ஒரே தடவதான். படத்தோட நீளம் இருபதடி ஆறு அங்குலம், அதப் போடவா?"

"இருபதா? பதினேழுக்குத்தானே சாங்ஷன்!"

"ரோல் அகலம் ரெண்டடி. ரெண்டடி உசரத்துக்கு இந்தப் படம் இருபதரை அடி வருது. நானா இழுத்தேன்? அறுபது பேரு நின்னீங்க, வருது."

"சின்னதாக்கு."

"ஆக்கலாம். பதினேழடியில எல்லாரும் வந்துடுவாங்க. மேலயும் கீழயும் கொஞ்சம் வெள்ளை நிக்கும், அவ்ளோதான். அதத்தான் நான் காலையிலேர்ந்து போன்ல கத்திகினு இருக்கேன்."

மதிவாணன் பையிலிருந்து ஒரு ஸ்கேல் எடுத்தார். அதன் அங்குலக் கோடுகளை எண்ணி மனக்கணக்குப் போட்டார். முன்னாள் சீஃபின் படத்தில் அவர் முகம் ஒன்றே முக்கால் அங்குலம்; அதைக் குழு நேரில் போய் அளந்து வைத்திருந்தது. இந்த சீஃபின் முகம் இருபதரை அடியில் இரண்டு அங்குலம். சின்னதாக்கினால் ஒன்றரைக்குக் கொஞ்சம் மேலே.

"முடியாது. முகம் சிறுத்துடும். அவரு ரிட்டயர் ஆனாலும் நான் சர்வீஸ்லதானே இருக்கணும்?" என்றவர், திரையின் இடது கோடியில் விரல் வைத்தார். "இங்க மூணரை அடிய வெட்டிடு. கான்ட்ராக்ட் ஆளுங்கதானே, ஒண்ணும் கேக்க மாட்டாங்க."

அந்த விரல் கிளமென்டின் மேலேயே இருந்தது. நேற்று முன்தினம் அவன் இரண்டு முறை இஸ்திரி போட்ட சட்டை அது. வினோலியா சொல்ல வாயெடுத்தாள். என் வூட்டுக்காரர் சார் என்று சொன்னால், அதற்கும் ஒரு நோட் போடுவார்கள். ஆகவே மவுசை எடுத்து இடது பக்கத்தை வெட்டியே காட்டினாள்.

"இப்ப நடுவுல யாருன்னு பாருங்க சார்."

மதிவாணன் பார்த்தார். சீஃப் இடப்பக்கம் ஒதுங்கியிருந்தார். அவருக்கு ஐந்து ஆள் தள்ளி நின்ற வளவன், சீஃபோடு இரண்டு வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லாத வளவன், கையைக் கட்டிக்கொண்டு படத்தின் நட்டநடுவில் சிரித்தார்.

"ஐயையோ! வளவன் பிரிவுபசாரம் மாதிரி இருக்கே! சரி, ரெண்டு பக்கமும் சமமா வெட்டு."

சமமாக வெட்டினாள். சீஃப் நடுவுக்கு வந்தார். இடக்கோடியில் ஐந்து கான்ட்ராக்ட் ஆட்கள் போனார்கள், கிளமென்டும்தான். வலக்கோடியில் நிதிப்பிரிவே போனது. நெடுமாறனின் ஒரு காது மட்டும் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது.

மதிவாணன் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தார்.

"அப்போ இருபதரை அடிக்கே நோட்ட மாத்தி வாங்குங்க சார்."

"மாத்தறதா? ஃபைனான்ஸ் ஒத்துக்கணும்மா. ஒரு ஃபேன் மாட்டறதுக்கு எட்டு மாசம் உக்காத்தி வெச்சாங்க."

"ஃபைனான்ஸ்ல யாரு ஒத்துக்கணும்?"

"நெடுமாறன்தான்."

வினோலியா திரையில் இருந்த காதைக் காட்டினாள். "இவரா?"

மதிவாணன் குனிந்து அந்தக் காதைப் பார்த்தார். அவள் அதற்குள் வெட்டிய படத்தைத் தன் போனில் எடுத்து மதிவாணனுக்கு அனுப்பிவிட்டாள். "இத அவருக்கு அனுப்புங்க. பதினேழடி விதிப்படி இப்பிடித்தான் வரும்னு ஒரு வரி போடுங்க. வேற ஒண்ணும் எழுதாதீங்க."

எட்டு மாதம் ஃபேனை உட்காரவைத்த பிரிவிலிருந்து, இருபத்திரண்டு நிமிடத்தில் திருத்திய சாங்ஷன் வந்தது. நிதிப்பிரிவினரின் உருவம் முழுமையாக இடம்பெறுவது அவசியமாகையால் நீளம் இருபதடி ஆறு அங்குலமாக உயர்த்தப்படுகிறது என்று இருந்தது. இடக்கோடியைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. நோட்டின் பின்னாலேயே நெடுமாறனும் ஜீப்பில் வந்து இறங்கினார்.

வினோலியா புரோகிராமில் நீளத்தை அடித்தாள். பிரிண்டர் செட்டிங்கிலும் அதையே அடித்தாள். இரண்டையும் ஒருமுறை வாய்விட்டுப் படித்தாள். சிலுவைக் குறி போட்டுவிட்டு அமுக்கினாள்.

படம் இடக்கோடியிலிருந்து மெல்ல மெல்ல வெளியே வந்தது. இருபதாவது நிமிடம் சீஃப் வந்தார். மதிவாணன் எழுந்து நின்றார். அதன் பிறகு ரோல் இளைத்துக்கொண்டே போக, நெடுமாறனுக்கு வியர்த்தது.

"தாள் பத்தாதோ? முதல்ல எங்க பக்கத்துலேர்ந்து ஆரம்பிச்சிருக்கலாமே!"

"நீங்க கடைசியாத்தானே வந்து நின்னீங்க, சார்."

நாற்பதாவது நிமிடம் காது வந்தது, மூக்கு வந்தது, மறு காதும் வந்தது. நெடுமாறன் தன் முகத்தை மட்டும் குனிந்து பார்த்துவிட்டு, "ம், பரவால்ல" என்று கிளம்பினார். மதிவாணன் சுருட்டிய படத்தைக் கைக்குழந்தைபோல ஏந்திக்கொண்டு ஜீப்பில் ஏறினார்.

போன் அடித்தது. விழா மண்டபத்தில் நாற்காலி போட்டுக்கொண்டிருந்த கிளமென்ட்.

"வினோ, வெட்டறாங்கன்னு இங்க பேசிக்கிறாங்களே. நான் இருக்கேனா?"

"இருக்கீங்க."

"முழுசா?"

"ரெண்டு கையும் இருக்கு. மிஷின்லேர்ந்து மொத ஆளா வெளிய வந்ததே நீங்கதான்."

"சீஃபுக்கும் முன்னாடியா?"

"இருபது நிமிஷம் முன்னாடி."

மறுமுனையில் ஒரு நாற்காலி விரியும் சத்தம் கேட்டது; உட்கார்ந்துவிட்டான் போலிருந்தது. பிறகு யாரோ அவனை அதட்டிக் கூப்பிட்டார்கள். "தோ வரேன் சார்" என்று சொன்னவன் குரலில், வரும் அவசரம் ஒன்றும் தெரியவில்லை.